இடப்பக்கம்

முதல் இரவு தரையை எழுத மறந்துவிட்டேன்.
ஆடு விழுந்தது.
திரையின் அடிவிளிம்பைத் தாண்டி
அதற்குக் கீழே ஏதாவது இருந்தால் அதையும் தாண்டி.
மூலையில் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது:
நாலாயிரம், ஒன்பதாயிரம்.
எண்பது மீட்டர் டவரில்
இரண்டு கொக்கி மாட்டி ஏறுகிறவன் நான்.
கீழே தரை இருக்கிறதா என்று
ஒருநாளும் யோசித்ததில்லை.
அன்றைக்கே, பயத்தில்,
இரண்டு பக்கமும் முடிவில்லாமல்
தரையைப் போட்டுவைத்தேன்.

பணகுடியில் ஆனிக் காற்று
அறைக் கதவைப் பிடித்து உலுக்குகிறது.
ஊரைச் சுற்றிக் காற்றாலை, ஊருக்குள் கரண்ட் இல்லை.
லேப்டாப்பில் பதினெட்டு சதவீதம்.

வண்ணார்பேட்டையில் எட்டாயிரத்துக்கு வாங்கிய பழசு.
கழித்தல் குறி இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு பொக்கைப்பல்.
‘அது எதுக்கு அண்ணாச்சி,
கூட்டிக்கிட்டே போங்க’ என்றான் கடைக்காரன்.

பிறகுதான் தெரிந்தது,
திரையில் மேலே போவதென்றால் கழிக்க வேண்டும்.
அங்கே எண்கள் உச்சியில் பிறந்து
கீழ்நோக்கி வளர்கின்றன.
ஆடு ஒருமுறை துள்ள
பழைய வரி ஒன்றிலிருந்து
அந்தச் சின்னக் கோட்டை நகலெடுத்து வந்து ஒட்டுவேன்,
பக்கத்து அறையில் தீக்குச்சி கேட்பதுபோல.

ஆடு என்றால், பதினாறுக்குப் பதினாறு கட்டம்.
ஞானதுரை எட்டிப் பார்த்து
‘பன்னி நல்லா வந்திருக்குடே’ என்றான்.
கொம்பை இன்னொரு கட்டம் நீட்டினேன்.
‘இப்ப மாடு.’

பள்ளிக்கூடத்தில் படித்த ஒன்பது புள்ளி எட்டைப்
புவியீர்ப்புக்குக் கொடுத்தேன்.
இலவம்பஞ்சுபோல இறங்கியது.
நூறு கொடுத்தேன். ஐந்நூறு.
ஆயிரத்து இருநூறில்தான்
குளம்பு தரையில் பட்டது எனக்குக் கேட்டது.
சத்தமே இன்னும் சேர்க்கவில்லை.

நாற்பத்தொன்றாம் வரியில் தவறு என்றது.
நாற்பத்தொன்றை மூன்று இரவு முறைத்தேன்.
தவறு முப்பத்தெட்டில் இருந்தது,
மூடாமல் விட்ட ஓர் அடைப்புக்குறி.
டர்பைனும் இதே சாதிதான்:
பேனலில் கியர்பாக்ஸ் என்று காட்டும்,
நாக்குத் தள்ள ஏறிப்போய்ப் பார்த்தால்
எங்கோ எலி கடித்த ஒயர்.
அதைத் திட்டத் தெரிந்த வார்த்தையெல்லாம்
இதற்கும் பொருந்தியது.

ஆவணி பிறக்கும்போது
ஆடு சுழலும் இறக்கைமேல் ஏறி
அடுத்த இறக்கைக்குத் தாவியது.
மொத்தம் ஏழு காற்றாலை.
ஏழாவதில் ஒரு கட்டு அகத்திக்கீரை.
ஒருவரும் கேட்காத ஒன்றைச் செய்து முடித்திருந்தேன்.

மெஸ்ஸில் தங்கபுஷ்பம் அக்கா
இரண்டாவது தோசை போடுவதற்குள்
அவள் மகள் அபிஷா லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள்.
ஐந்தாம் வகுப்பு.
வலப்பக்கம் போக வேண்டும்,
காற்றாலை வரும், துள்ள வேண்டும் என்றேன்.
அவள் இடது அம்புக்குறியை அழுத்தினாள்.

ஆடு திரும்பியது.
திரும்பும் என்று எனக்கே தெரியாது.
பூஜ்ஜியத்தைத் தாண்டிப் போனது.
மூலையில், எண்ணுக்கு முன்னால்,
அந்தச் சின்னக் கோடு தானாக வந்து நின்றது,
இத்தனை நாள் நான் இரவல் வாங்கிய அதே கோடு.

‘இந்தப் பக்கம் என்ன இருக்கு?’
‘ஒண்ணுமில்ல. இன்னும் எழுதல.’
‘எழுதலன்னா ஆடு எப்படி நடக்கு?’

தோசை ஆறிக்கொண்டிருந்தது.
நூற்றுப்பதினாலாம் மெஷின் நின்றுவிட்டதென்று போன்.
ஞானதுரை பைக்கை முறுக்கினான்.
‘சட்டினிக் கையோட தொடாதட்டி’ என்று
அக்கா கத்தியது தெரு வரைக்கும் கேட்டது.

பதினொன்றரைக்கு வந்தோம்.
பாதி ஷட்டர் இறங்கியிருந்தது, உள்ளே நீல வெளிச்சம்.
சார்ஜரைச் சொருகி
இடது அம்புக்குறியின்மேல்
உப்பு டப்பாவை வைத்துவிட்டு
அபிஷா தூங்கப் போயிருந்தாள்.

கழித்தல் பதினேழு லட்சத்துச் சொச்சம்.
ஆடு நடந்துகொண்டிருந்தது.
நானும் ஞானதுரையும்
ஹெல்மெட்டைக் கழற்றாமல்
நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.